நூற்றிருபதாம் நம்பர் ஜெட்

அப்துல் வாஹித் தன் கேசட்டை ஸலாமில் தொடங்குவான். அதற்குப் பிறகு எதைப் பற்றிப் பேசுவான் என்று அவனுக்கே தெரியாது. அபஹாவின் குளிர், கூடத் தங்கியிருக்கும் மலையாளியின் குறட்டை, ஒர்க் ஷாப்பில் பழுது பார்த்த வண்டிகள், ஆபிதாவின் மேல் இருக்கும் ஆசை, கோழிக்குழம்பு, மறுபடி ஆசை என்று எல்லாம் கலந்துகட்டி வரும். சவுதிக்குப் போன இந்த நாலு வருடத்தில், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிய எல்லாக் கேசட்டுகளையும் ஆபிதா கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். மாமியார் மதீனா பீவி கதவைத் தட்டி, "எம் மவன் எனக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டால், "உங்களுக்கு ஸலாம் சொன்னாங்க மாமி" என்பதோடு சரி.

அப்பேர்ப்பட்ட கேசட்டை இந்த முறை பிரம்மநாயகத்தின் மெக்கானிக் ஷெட்டுக்கு எடுத்துப்போக வேண்டிவந்தது. எல்லாம் அந்தப் பிக்கப் வண்டியால்.

சவுதிக்குப் புறப்படுமுன் வாஹித் வாங்கிப் போட்ட பழைய பெட்ரோல் பிக்கப் அது. தம்பி சலாவுதீன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் குடியிருந்த பம்பாய்த் தாராவியிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்த ஜெயினுலாப்தீனுக்குப் பஞ்சகனியில் ஒரு பெரிய கடையின் ஆர்டர் கிடைத்தது. பஞ்சகனி நாலாயிரம் அடி உயரத்து மலை ஊர். தடுக்கி விழுந்தால் போர்டிங் ஸ்கூல். மாதம் இரண்டு சனிக்கிழமை பை கொண்டுபோக வேண்டும். தன் பட்டறையில் லைனிங் தைக்கும் ஆபிதாவின் முகத்துக்காக அந்த வேலையை இந்த வண்டிக்கே கொடுத்தார் ஜெயினுலாப்தீன்.

முதல் பயணத்திலேயே மானம் போயிற்று. செம்பூரில் புகை பரிசோதிக்கும் கூட்டம் வண்டியை ஓரம்கட்டி, சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்து, ஒரு மாதத்தில் சரிசெய்யச் சொல்லிக் காகிதம் கொடுத்தது. அதையும் வாங்கிக்கொண்டு போன வண்டி, பஞ்சகனிக்கு ஏறும் பஸர்ணி மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் கன்னங்கரேலென்று புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. பைகள் வேறொரு லாரியில் ஏறி மறுநாள் போய்ச் சேர்ந்தன.

"இன்னும் ஒரு வாட்டி தாரேன்" என்றார் ஜெயினுலாப்தீன். "சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைய அடைச்சிருவான். திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கு. நாலு மணிக்குள்ள பை போய்ச் சேந்தா, மாசா மாசம் இந்த லைன் உங்களுக்கு. இல்லன்னா என்னைக் கொறை சொல்லாத, ஆபிதா."

ஆபிதாவுக்கு இது வெறும் வண்டிச் சமாச்சாரம் இல்லை. ஜூன் பதினைந்துக்குள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி வாஹித்தை அவன் முதலாளி நெருக்கிக்கொண்டிருந்தான். 'பிக்கப்புக்கு நிலையா ஒரு லைன் கிடைச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வந்துருவேன்' என்று வாஹித் சொல்லியிருந்தான். ஆக, அந்த வண்டி மலையேறினால் புருஷன் வீட்டுக்கு வருவான். ஏறாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் கேசட்டுதான்.

வண்டி நின்ற கதையைக் கடிதத்தில் படித்த வாஹித், வண்டியை எப்படிச் சரிசெய்வது என்று பேசியே அனுப்பிவிட்டான். அபஹா ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். மலையில் ஓடும் பிக்கப்புகளைச் சரிபார்ப்பதுதான் அங்கே அவன் வேலை. ஆனால் சொல்லவேண்டியதைத் தனியாகச் சொல்லும் பழக்கம்தான் அவனுக்குக் கிடையாதே.

ஆபிதா முதலில் வீட்டிலேயே கேட்டு, தேவையானதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனாள். பிரம்மநாயகம் படித்துப் பார்த்தான். "ஸ்க்ரூவக் கால் சுத்து திறக்கணும்னா எந்த ஸ்க்ரூ? பித்தளையா, இரும்பா?" ஆபிதா வீட்டுக்கு ஓடிக் கேட்டுவிட்டு வந்தாள். "சரி, இஞ்சின் ஓடும்போதா, நிக்கும்போதா?" மறுபடி ஓடினாள். மூன்றாவது முறை வரும்போது டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டே வந்தாள். காதில் இயர்போன்.

"இந்தச் சின்ன வயர் எதுக்குத் தங்கச்சி? சத்தமா வையுங்க, எல்லாரும் கேப்போம்" என்றான் பிரம்மநாயகம்.

"அதுக்குத்தான் அண்ணாச்சி இந்த வயரு."

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பலகை மேல் பிரிந்து கிடந்தது. ஆபிதா பெட்ரோல் டின் மேல் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள்.

"மெயின் ஜெட்டக் கழட்டச் சொல்லுதாங்க." மெயின் ஜெட் என்பது நடுவில் துளையுள்ள ஒரு சின்னப் பித்தளைத் திருகு. இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போகவேண்டும்.

"கழட்டியாச்சு."

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணுமாம். எவனாவது ஸ்டவ் பின்ன விட்டுக் குடைஞ்சு ஓட்டையப் பெரிசாக்கியிருப்பான், அதான் பம்பாய்லயே புகையடிக்குதுன்னு சொல்லுதாங்க."

பிரம்மநாயகம் ஜெட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தவன் அப்படியே நின்றான்.

"போன ரம்ஜானுக்கு வண்டி இழுக்கலன்னு நீங்கதான அண்ணாச்சி குடைஞ்சிய" என்றான் பக்கத்தில் நின்ற சலாவுதீன்.

"அப்புறம் இழுத்துச்சா இல்லையா?"

"இழுத்துச்சு."

"பெறகென்ன பேச்சு? நீங்க மேல சொல்லுங்க தங்கச்சி."

டேப் ஓடியது. 'ஆபி, நீ பக்கத்துல இருந்தா இந்தக் குளிரெல்லாம் ஒரு குளிரா' என்றான் வாஹித். ஆபிதா முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்லுதாரு?"

"அங்க குளிரு ஜாஸ்தியாம்."

"குளிருன்னா, குளிர்ல வண்டியக் கிளப்புற சோக்கப் பத்தி ஏதும் சொல்லுதாரா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா குளிரு."

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரம்மநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். "குளிரு ரொம்ப நீளமாப் போவுதே" என்றான் சலாவுதீன். ஆபிதா அவனை முறைத்தாள்.

ஒருவழியாக விஷயம் முழுதும் வந்து சேர்ந்தது. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். பெட்ரோல் மட்டும் அதே அளவு போனால் எரியாமல் கரும்புகையாக வரும். அதனால் துளை சின்னதாக இருக்கிற நூற்றிருபதாம் நம்பர் ஜெட் போடவேண்டும். பிளக்குக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை முன்னால் திருப்பவேண்டும். வண்டி நிற்கும்போது வரும் புகைக்குப் பித்தளை ஸ்க்ரூ. அதை இஞ்சின் தடுமாறும் வரை மூடி, பிறகு கால் சுற்றுத் திறந்தால் போதும். செம்பூரில் எவனும் கேள்வி கேட்க மாட்டான்.

குர்லாவின் பழைய சாமான் கடைகளில் சலாவுதீன் பாதி நாள் அலைந்து, நூற்றிருபதும் அதோடு வேறு நாலு நம்பர்களும் பொறுக்கி வந்தான். மாட்டினார்கள். வியாழக்கிழமை காலை மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செம்பூருக்கு விட்டார்கள். பரிசோதனைக்காரர் குழாயை விட்டுப் பார்த்தார். மீட்டர் முள் எழுந்திருக்கவே யோசித்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "எந்த கேரேஜ்?" என்று இந்தியில் விசாரித்தார். "சவுதி" என்றான் சலாவுதீன்.

அந்தச் சந்தோஷம் சயான் வரைகூட நிலைக்கவில்லை. சுமையோடு மேட்டில் ஏறும்போது வண்டி படபடவென்று தும்மியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்தது. ரேடியேட்டர் கொதித்தது. பின்னால் வந்த டபுள் டெக்கர் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"உங்க வீட்டுக்காரரு கணக்கு தப்பு" என்றான் பிரம்மநாயகம். "பெட்ரோல் பத்தல. இப்படி ஓட்டினா வால்வு கருகிரும். மலையடிவாரம் வரைக்கும்கூடப் போய்ச் சேராது."

ஆபிதாவுக்குச் சுருக்கென்றது. அவள் புருஷன் பேச்சில் ஆயிரம் உளறுவான். வண்டியில் தப்புச் செய்யமாட்டான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

'நம்ம ஊருல காத்து லேசு, ஆபி. நம்ம ஊருக்கு நூத்தி இருபதுதான் சரி. கண்ண மூடிட்டுப் போடச் சொல்லு.'

ஐந்தாவது தடவை கேட்கும்போதுதான் உறைத்தது. எந்த ஊரில் காற்று லேசு? செம்பூர்க் காற்றையா லேசு என்கிறான்? அவள் சிரித்தே விட்டாள். சிரித்து முடிப்பதற்குள் பட்டனை அழுத்தி டேப்பை நிறுத்தினாள். தாராவியில் பிறந்து, சயானில் படித்து, தாதரில் வேலை பழகியவன், ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அபஹாவை 'நம்ம ஊர்' என்கிறான். அவனுக்கே தெரியாமல் சொல்கிறான். இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தால் இந்த வீட்டுக்கு என்ன பெயர் சொல்வான்?

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, கணக்கு சரிதான். ஊருதான் வேற. அவங்க அபஹாவுக்குச் சொல்லியிருக்காங்க. நம்ம வண்டிக்கு ஒரிஜினல் ஜெட் என்ன நம்பர்?"

"நூத்தி முப்பத்தஞ்சு."

"ஏழாயிரம் அடிக்குப் பதினஞ்சு குறைச்சிருக்காங்க. பஞ்சகனி நாலாயிரம் அடி. அப்ப எட்டு ஒம்பது குறைச்சாப் போதும்."

பிரம்மநாயகம் விரல்விட்டுப் பார்த்தான். "நூத்தி இருபத்தஞ்சு போடலாம். ஆனா அதப் போட்டுக்கிட்டு பம்பாய்ல இருந்து சுமையோட ஓட்ட முடியாதே."

"இங்கேருந்து, சலாவுதீன் கொண்டாந்ததுல இருக்கிற குடையாத நூத்தி முப்பத்தஞ்சுல போவோம். மலையடிவாரத்துல நிப்பாட்டி மாத்திக்கிடுவோம்."

"மாத்தறதுக்கு நான் வரமுடியாது தங்கச்சி. சனிக்கிழமை ரெண்டு வண்டி டெலிவரி."

"நீங்க வரவேண்டாம். எப்படின்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

ஒரு தடவை காட்டினான். பிறகு அவளையே செய்யச் சொன்னான். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மாட்டினாள். நாலாவது முறை பிரம்மநாயகம் டீ குடிக்கப் போய்விட்டான்.

வீட்டில் மதீனா பீவி மட்டும் முணுமுணுத்தாள். பிறகு அவளே, "போ. அவன் பேச்சக் கேட்டவ நீ ஒருத்திதான்" என்று சொல்லி, சப்பாத்தியைக் கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் பைகளோடு வண்டி புறப்பட்டது. செம்பூரில் அதே பரிசோதனைக்காரர் கையைக் காட்டி வழி விட்டார். பன்வேல், லோனாவ்லா, பூனா எல்லாம் சௌகரியமாகக் கழிந்தன. ஷிர்வல் பக்கம் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போயிற்று. மலையடிவாரத்து ஊரான வாயியைத் தொடும்போது மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

"நிப்பாட்டு. ஜெட்ட மாத்தணும்" என்றாள் ஆபிதா.

"மதினி, வண்டி ஏக்தம் மக்கன், வெண்ணெய் மாதிரி ஓடுது. இப்பவே லேட்டு. மாத்திக்கிட்டு உக்காந்தா அரை மணி நேரம் போயிரும். இப்படியே அடிச்சுருவோம்."

கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் சபலம் தட்டிற்று. "சரி, போ" என்றாள்.

முதல் வளைவில் வண்டி முனகியது. இரண்டாவதில் முக்கியது. மூன்றாவதற்குப் பிறகு கறுப்புப் புகை பின்கண்ணாடியை மூடிவிட்டது. சலாவுதீன் முதல் கியருக்கு மாற்றினான். வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிருஷ்ணா நதிப் பள்ளத்தாக்கு. சுமையோடு வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. சலாவுதீன் இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றினான்.

"ஹேண்ட் பிரேக்?"

"அது பிடிச்சு ஒரு வருஷமாச்சு மதினி."

"அப்ப நீ காலை எடுக்காத. நான் பாத்துக்கிடுதேன்."

இறங்கி, பெரிய கல்லாகப் பார்த்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். உள்ளே அடுப்பு மாதிரி அனல். முதலில் பெட்ரோல் குழாய். அப்புறம் கார்புரேட்டர் மூடியின் நாலு திருகு. முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிடித்தும் விரல் பொசுங்கியது. மேலேயிருந்து இறங்கிய எஸ்.டி. அரசு பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டினார்கள்.

"மதினி, கால் நடுங்குது" என்றான் சலாவுதீன்.

"நடுங்கட்டும். எடுத்திராத."

பழைய ஜெட் வந்தது. நூற்றிருபத்தைந்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினாள். மூடி, திருகு, குழாய். ஒரு பெட்ரோல் கசிவு. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நின்றது.

"ஸ்டார்ட் பண்ணு."

இஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சைலன்சரில் கடைசிக் கரி ஒரு முறை பொத்தென்று வெளியே வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. சத்தம் மட்டும் சீராக, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கேட்டது. வண்டி முன்னால் நகர்ந்ததும் ஆபிதா கூடவே நாலடி ஓடி ஏறிக்கொண்டாள். வளைவுக்குப் பின் வளைவாக, இரண்டாம் கியரிலேயே, பிக்கப் மேலே போய்க்கொண்டிருந்தது. சலாவுதீனின் கால் நடுக்கம் அடங்கப் பஞ்சகனி வரவேண்டியிருந்தது.

கடைக்காரர் பார்சிக் கிழவர். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மணி நாலுக்குப் பத்து நிமிடம். பைகளை எண்ணி இறக்கிக்கொண்டு, ஆபிதாவின் சேலையில் இருந்த கரியையும் பொசுங்கிய விரலையும் பார்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் தேன் வரவழைத்துத் தடவிக்கொள்ளச் சொன்னார். அடுத்த நடை எந்தச் சனிக்கிழமை என்று அவரே தேதி சொல்லி, ஜெயினுலாப்தீனுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

"மதினி, பசிக்குது. சப்பாத்திய எடுங்க" என்றான் சலாவுதீன்.

"முதல்ல தபாலாபீஸ்."

தந்திக் கவுண்டரில் ஒரு மராத்தி கிளார்க். ஆபிதா இந்தியில் சொன்னாள்: கையெழுத்துப் போட வேண்டாம், புறப்பட்டு வரவும். அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, 'வரவும்' என்று தந்தி போனால் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள். வாங்குகிறவருக்கு நெஞ்சு நின்றுவிடும்."

ஆபிதா அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படின்னா முதல்ல இத எழுதுங்க: பிக்கப் பஞ்சகனி வந்துவிட்டது."

கிளார்க் ஆங்கிலத்தில் எழுதினார். பிக்கப் என்ற இடத்தில் நிறுத்தி, அது ஆளா, சாமானா என்று கேட்டார். ஆபிதா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். அங்கே சலாவுதீன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் சப்பாத்தியோடு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளார்க் எழுந்து நின்று வண்டியை நன்றாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து மீதியை எழுதினார்.