அவிட்டத்துக்கு எட்டு நாள்

திரையில் ஏழு என்ற எண்ணின் வாலை நான்காவது தடவையாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள் ஸாதனா. லேப்டாப்பை அடுக்களை மேடைமேல் வைத்திருந்தாள். இன்று இந்த வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் அங்கே கூட்டமும் இல்லை. கூடத்தில் அப்பா வெங்கிடராமன் தெற்கே தலை வைத்துக் கிடந்தார். விடிகாலையில் சாயா கேட்டார். அது வருவதற்குள் போய்விட்டார். இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள்.

கொச்சியில், இந்த மட்டாஞ்சேரியில் ஒருவர் போய்விட்டால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். படம், பேர், வயது. அப்பா பேர் தன் எழுத்தில்தான் வரும் என்று ஸாதனா காலையிலேயே சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் உட்கார்ந்து அவள் வரைந்த ஆங்கில எழுத்துரு அது. தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள், ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் சின்னப் பாதம், நுனியில் அந்தக் காலத்துச் சுருள். பழைய யூதத் தெருவான ஜூ டவுனில் பாதிக் கடைகளின் பலகை இன்று அதில்தான் இருக்கிறது. கடைப் பேருக்கு எண் எதற்கு என்று எண்களை மட்டும் அவள் வரையவே இல்லை. "கணக்கு வாத்தியார் பொண்ணு, ஒண்ணு ரெண்டு இல்லாம எழுத்துப் பண்ணிருக்கா" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இப்போது அவர் வயதைப் போடவே எண் இல்லை.

"எந்த எழுத்தா இருந்தா என்ன, ஸாது?" அண்ணன் கோவிந்த் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "ஃப்ளெக்ஸ் கடை தங்கதுரை ஃபோன்ல ரெண்டு தடவை விளிச்சாச்சு. பன்னெண்டுக்குள்ள வேணுமாம்."

"குடுப்பேன். நாலு முடிஞ்சாச்சு. ஏழு இதோ."

அழுவது அப்புறம், முதலில் வேலை முடியட்டும் என்று ஏழின் வாலுக்கே திரும்பினாள்.

தண்ணீர் எடுக்க வந்த அம்மா மீனாக்ஷி திரையைப் பார்த்தாள்.

"எழுபத்துநாலா? ஆரு சொன்னா?"

"ஆதார்ல பார்த்தேம்மா," என்றான் கோவிந்த். "தேதிப்படி போன வாரமே எழுபத்துநாலு ஆயாச்சு."

"ஆதாருக்கு என்ன தெரியும்? அவர் பொறந்த மேட மாசத்து அவிட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. நக்ஷத்திரம் வராம அவருக்கு எப்படி வயசு ஏறும்? எழுபத்துமூணாக்கும்."

"அம்மா, இப்போப் போயி..."

"கணக்கைத் தப்பா எழுதி அவரை அனுப்பாதே."

மணி பதினொன்றேகால். எண்களிலேயே வம்பு பிடித்தது மூன்றுதான். கொஞ்சம் பிசகினாலும் முன்னால் சாய்ந்துவிடும். ஸாதனா நாலை ஒதுக்கினாள். "மூணு வரும்மா," என்றாள். மூன்றின் மேல் வயிற்றைச் சிறிதாக்கி, கீழ் வயிற்றை அகலமாக உட்கார வைத்து, சுருளை உள்பக்கம் திருப்பினாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டாள்.

ஒன்றரைக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறியது. இரண்டுக்கு வண்டி கிளம்பியது, ஆண்கள் எல்லோரும் கூடப் போனார்கள். அம்மா யாரையும் கேட்காமல் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள். இன்றைக்குப் போய் அவள் தெருவில் இறங்கலாமா என்று எதிர்வீட்டு கனகாம்பாள் வாயெடுத்தவள், பின்னால் வந்த ஸாதனாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஃப்ளெக்ஸின் கீழ் மூலை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா பேரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எண்ணுக்கு வந்ததும் நின்றாள்.

"மூணு நன்னாருக்கு."

பிறகு குனிந்து, தொங்கிய கயிற்றைப் பிடித்துக் கம்பத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.