சீவார்ட் பக்கம் உதைத்த துப்பாக்கி

ஆரின் டகெட் தன் வீட்டு வாசலில் நின்று கரடியைச் சுட்டுவிட்டு, துப்பாக்கி பின்னால் உதைத்த உதையில் தபால் ஆபீஸ் கூரையில் போய் உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மழை இல்லை, ஆற்றில் சால்மன் மீன் வரத்து சுமார்தான். கூரைத் தகரம் ஒன்று நெளிந்ததைத் தவிர வேறு சேதமில்லை. தபால் ஆபீஸை நடத்திவந்த வில்மா ஏணியைச் சாய்த்து வைத்து, "இறங்குப்பா, மேல யாருக்கும் தபால் குடுக்கறதில்ல" என்றாள். இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "செத்துச்சா?" கரடி இருப்பதோ ஊரின் அந்தக் கோடி. வில்மாவுக்கு எப்படித் தெரியும்?

அலாஸ்காவில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நெம்புகோலை இழுத்துச் சுடும் லீவர் துப்பாக்கி உண்டு. மானுக்கு அது போதும், பழுப்புக் கரடிக்குப் போதாது. ஆகவே எல்லோரும் ஆரினிடம் போவார்கள். அவர் குழலைக் குடைந்து அகலமாக்கி, தோட்டா அறையை ஆழப்படுத்தி, தோட்டா போடும் வாயையும் அராவிப் பெரிதாக்கி, கட்டைவிரல் தடிமன் தோட்டா ஓடும்படி செய்து தருவார். முனை மழுங்கிய தோட்டாதான் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவார். குழலுக்கு அடியில் இருக்கும் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும்போது கூர்முனை முன்னதன் பின்புறத்தில் குத்தினால் கையிலேயே வெடிக்கும். அவர் மாற்றிக் கொடுத்த துப்பாக்கிகளால் ஊரில் எத்தனையோ கரடிகள் விழுந்தன. தனக்கென்று மாற்றிக்கொண்டது மட்டும் இப்படி. என்ன தலையெழுத்தோ!

வினை தொடங்கியது அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில். அவர் மனைவி லெட்டி குளிர்காலத்துக்கென்று ஆல்டர் மர விறகில் புகைபோட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்த மீன் அத்தனையையும் ஒரு கரடி வந்து தின்றது. தின்றுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை, அந்தக் கொட்டகையிலேயே குடியேறிவிட்டது. லெட்டி தொண்டை கிழியக் கத்தினாள். ஆரின் லேத்தில் யாருடைய குழலையோ குடைந்துகொண்டிருந்தார், காதில் விழவில்லை. "ஊர்க் கரடிக்கெல்லாம் துப்பாக்கி செய்யத் தெரியுது. சொந்தப் பொண்டாட்டி கத்துறது கேக்கல. அது தோலா தரையில கெடக்கட்டும், அப்புறம் நான் வரேன்" என்று சொல்லிவிட்டு தெற்கே சீவார்ட் ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அவள் போனதிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரடிக்கென்று தன் துப்பாக்கியையே மாற்றிக்கொண்டு சுட்ட முதல் தோட்டாவுக்கு வீட்டின் பின்னாலிருந்த விறகுக் குவியலில் விழுந்தார். அதைவிடப் பெரிய தோட்டாவுக்குத் தபால் ஆபீஸ் கூரை. அதையும்விடப் பெரியதைச் செய்து, தன்னை ஸ்புரூஸ் மரத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுட்டார். மரமும் அவருமாக வேரோடு ஊருக்குத் தெற்கே ஏரியில் விழுந்தார்கள். அந்த முறை வில்மா பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். தோட்டா கரடியின் காலடி வரை வந்து உருளைக்கிழங்கு மாதிரி பொத்தென்று விழுந்ததாம். கரடி அதை மோந்து பார்த்து ஓரமாகத் தள்ளி வைத்ததாம். இருந்த பலமெல்லாம் பின்பக்கமே போனால் முன்பக்கத்துக்கு என்ன மிஞ்சும்?

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஏரிக்கு அக்கரையில் வேலை இருந்தவர்கள் அந்தத் துப்பாக்கியை இரவல் கேட்டு வாசலில் நின்றார்கள். "இது துப்பாக்கிடா, பஸ் இல்ல! எழவு, ஒருத்தனாவது கரடியப் பத்தி பேசுறீங்களா?" என்று அவர் அரத்தை வீசியெறிந்தார். எங்களுக்கே பாவமாக இருந்தது.

வில்மாதான் கடைசியில் சொன்னாள். "ஏம்ப்பா, விறகு, கூரை, ஏரி, எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கே, கவனிச்சியா? நீ கரடியப் பாத்து நின்னா உன் முதுகு சீவார்டப் பாத்து நிக்குது."

"நான் கரடிக்கு வழி கேட்டா, நீ பஸ்ஸுக்கு வழி சொல்ற!" என்று சீறிவிட்டுப் போனார். ஆனால் லேத் ராப்பகலாக ஓடியது. குழலில் இனிக் குடைய இரும்பே இல்லை என்னும்வரை குடைந்தார்.

பனி விழுவதற்கு முன் ஒரு காலையில் வாசலுக்கு வந்தார். முகம் மழித்திருந்தது, சலவைச் சட்டை போட்டிருந்தார். கரடி வேட்டைக்கு எவனாவது சலவைச் சட்டை போடுவானா? குறி பார்த்தார், சுட்டார், வாசல் காலியாக இருந்தது.

சீவார்டில் லெட்டியின் அக்கா போட்டிருந்த முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தார். லெட்டி கரண்டியோடு வெளியே வந்து, "செத்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. சாகாது. என்னால ஆகல, லெட்டி." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நீ அன்னிக்குக் கத்தினது எனக்குக் கேட்டிருக்கணும்."

அவள் சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோளிலிருந்து கழுத்து வரை நீலம் பாரித்திருந்தது. "இத முதல்லயே சொல்லியிருந்தா பஸ்லயே வந்திருக்கலாமே, மடையா. உள்ள வா" என்றாள்.

அந்தக் குளிர்காலத்திலிருந்து இருவரும் சீவார்டில்தான் இருக்கிறார்கள். கொட்டகை கரடியுடையது என்பதில் ஊரில் இப்போது யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மீன் காலத்தில் எங்களைப் பார்க்கப் பஸ்ஸில் வருவார்கள். திரும்பும்போது பழைய வாசலில் ஆரின் துப்பாக்கியோடு கரடியைப் பார்த்து நிற்பார். லெட்டி மீன் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். வெடிச் சத்தம் கேட்டாலும் கரடி தலையைக்கூடத் தூக்குவதில்லை.