இருக்கைக்கு நான்கு துளைகள்

அண்ணனின் காரில் அண்ணி ஏறி உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்களுக்கு அவள் நெற்றி மட்டும்தான் தெரியும். பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டி ஓடும். அண்ணன் ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். கூரை தலையில் இடிக்கிறது என்று வாங்கிய புதிதிலேயே இருக்கை முன்னும் பின்னும் நகர்வதற்கு அடியிலிருந்த ரெயில்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருக்கையை நேராகத் தரைத் தகட்டில் நான்கு போல்ட் வைத்து முடுக்கிவிட்டான். அதற்குப் பிறகு அது முன்னாலும் நகராது, பின்னாலும் நகராது. தன் அளவுக்குத் தைத்த சட்டை என்று சொல்லிக்கொள்வான். அண்ணியை அரை டிக்கெட் என்று கூப்பிடுவான். அரை டிக்கெட்டுக்கும் உட்கார இடம் தரணும், சட்டம் இருக்கு என்பாள் அண்ணி.

அவனுக்கு முதலில் போனது வலது பாதம். ஒருநாள் வேலையிலிருந்து ஓட்டி வந்தவன், வாசலில் நிறுத்தாமல் மதில் சுவரில் லேசாக மோதி நின்றான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னதாகவும் கால் கேட்கவில்லை என்றும் சொன்னான். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் புகார் சொல்வதுபோல இருந்தது. பல பரிசோதனைகளுக்குப் பிறகு நரம்பு மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். தசைகளுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றன. காலுக்குப் பிறகு கை, கைக்குப் பிறகு முதுகு. முதுகு போனால் உட்கார முடியாது. அதன் பிறகு மூச்சு. எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை. நான் உயிரியல் படித்தவள். நானும் கேட்கவில்லை.

அண்ணன் எங்களிடம் ஒன்றுதான் கேட்டான். முதுகு நேராக நிற்கும்போதே, அண்ணி ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஏரிக்கரைச் சாலையில் ஒருமுறை போய்வர வேண்டும்.

"மூட்டைய ஏத்திட்டுப் போற மாதிரி ஊர்ந்து போகக் கூடாது. வளைவுல அந்தக் கார் எப்படிப் போகணுமோ அப்படிப் போகணும்."

அண்ணிக்கு ஓட்டத் தெரியும். தினமும் சின்னக் காரில் வேலைக்குப் போகிறவள். இடைஞ்சல் அண்ணன் காரின் இருக்கைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டைத் திறந்தோம். அண்ணன் சக்கர நாற்காலியில் வாசலில் இருந்தான். நான் அளவு டேப்பைப் பிடித்தேன். அவன் சொல்லச் சொல்ல அண்ணி செய்தாள். கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோளை இருக்கையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் விழ வேண்டும். கண் டாஷ்போர்டுக்கு மேலே, சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். அண்ணிக்கு மூன்றும் அமையவில்லை. கிளட்சைத் தொடவே இடுப்பை நழுவவிட்டுப் பெருவிரல் நுனியால் துழாவினாள்.

"ரோடு தெரியுதா?" என்று அண்ணன் கேட்டான்.

"வானம் நல்லாத் தெரியுது. பறக்க விடுறதுன்னா இப்பவே கிளம்பிடலாம்."

அண்ணன் சிரித்தான். அப்போது அவனால் சத்தமாகச் சிரிக்க முடிந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். அண்ணனுக்குப் பல வருடப் பழக்கம், அவனை வாத்தியாரே என்பார். இருக்கையை ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து, இரண்டு விரற்கடை உயர்த்தி, தரையில் புதிதாக நான்கு துளை போட வேண்டும், அடியில் கனமான தகடு கொடுக்க வேண்டும் என்றார். பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்துவிட வேண்டும். அரை நாள் வேலை. அவர் டிரில்லைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

பழைய துளைகள் அப்படியே இருக்கட்டும் என்றாள் அண்ணி.

அது ஆகாது என்றார் அவர். பழசும் புதுசுமாகச் சல்லடை மாதிரி இருந்தால் மோதலில் தகடு கிழிந்துவிடும். அண்ணி டிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வேணாம். இவர் திரும்ப ஓட்டும்போது சீட்டை எங்க வைக்கிறது?"

மெக்கானிக் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மடியிலிருந்த தன் கையைப் பார்த்தான். மெக்கானிக் டிரில்லின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

அண்ணி மெத்தைகளை நம்பினாள். கெட்டியான ஃபோம் வாங்கி, அளவெடுத்து வெட்டி, தானே உறை தைத்தாள். முதுகுக்கு இரண்டு, உட்கார ஒன்று. பெடல்களின் மேல் மரக்கட்டை வைத்து இறுக்கினாள். எல்லாமே ஒரு நொடியில் கழற்றிவிடக் கூடியவை. அதை எங்களிடம் பலமுறை கழற்றிக் காட்டினாள்.

காலியாகக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் பயிற்சி நடந்தது. அண்ணனைச் சின்னக் காரில் நான் அழைத்துப் போவேன். அண்ணி சுற்றிச் சுற்றி வருவாள். வளைவில் திரும்பும்போது மெத்தை ஒரு பக்கம் ஒதுங்கும். அவளும் ஒதுங்குவாள். முதுகு ஆடுகிறது என்பான் அண்ணன். வீட்டுக்கு வந்து பட்டை தைப்பாள். அடுத்த முறை மெத்தை ஒதுங்காது, ஆனால் அமுங்கும். அடியில் ரப்பர் விரிப்பாள். பிறகு ரப்பர் வழுக்கும். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி என்பாள். அவள் குரலில் அப்படி ஒரு உற்சாகம். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பொதுவாகவே நான் அதிகம் பேசமாட்டேன். அண்ணன் என்னைப் பூனை என்பான்.

இதற்கிடையில் அவன் கையிலிருந்து ஸ்பூன் விழத் தொடங்கியது. பிறகு அண்ணி ஊட்டினாள். நாற்காலியில் இரு பக்கமும் தலையணை வைக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் அவன் பக்கத்தில் நான் நின்றதே, அவன் சாயும்போது நிமிர்த்துவதற்காகத்தான்.

ஒருநாள் முற்றத்தின் கோடியில் ஒரு காலி டிரம்மை வைக்கச் சொன்னான். வேகமாக வந்து அதற்கு முன்னால் முழு பிரேக் போட வேண்டும். அண்ணி வந்தாள். நல்ல வேகம். பிரேக்கை ஓங்கி மிதித்தாள். மெத்தை அமுங்கியது. பெடல் உள்ளே போவதற்குப் பதில் அவள் பின்னால் போனாள். கால் மரக்கட்டையிலிருந்து வழுக்கியது. டிரம் பறந்துபோய்ச் சுவரில் மோதி உருண்டது.

நான் ஓடினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து, டிரம்முக்குத்தான் பாவம் தலைவலி என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாக்கு தடித்துப் போயிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினான்.

"நீ பிரேக்கை மிதிச்சா அது உன்னைத் திருப்பித் தள்ளும். பின்னால கெட்டியா ஒண்ணு இருந்தாத்தான் நிக்கும். துளை போட்டுடு."

"உங்க சீட்டுங்க அது."

"நான் இனிமே ஓட்ட மாட்டேன். உனக்கே தெரியும்."

அண்ணி குனிந்து அவன் காலுக்கு மேல் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள். பிறகு, மெக்கானிக்கிடம் நானே பேசுகிறேன் என்றாள்.

அந்த வாரமே அண்ணனுக்குச் சளி பிடித்தது. எங்களுக்கு அது சளி. அவனுக்கு இருமித் துப்பப் பலமில்லை. நெஞ்சில் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அவன் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது காரைப் பற்றித்தான். அண்ணி வீட்டுக்கு வந்து மெக்கானிக்குடன் ஷெட்டில் நின்றாள். பழைய துளைகளை அடைத்தபோது வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் வெளியே போகவில்லை. புதிய துளைகளுக்கு அவளே சாக்பீஸால் குறி வைத்தாள்.

வேலை முடிந்து உட்கார்ந்து பார்த்தாள். கிளட்சை மிதித்தபோது முழங்கால் மடங்கியிருந்தது. மணிக்கட்டு ஸ்டீயரிங்கில் விழுந்தது. கண்ணாடி வழியாகத் தெரு முழுவதும் தெரிந்தது. அவ்வளவு பொருத்தமாக இருந்ததைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் வீடு திரும்பிய மறுநாள் காலை அவனைக் காருக்குத் தூக்கிப் போனோம். மெக்கானிக் தோளைப் பிடித்தார், நான் கால்களை. பக்கத்து இருக்கையில் இறக்கி பெல்ட்டை இறுக்கினோம். கையை எடுத்ததும் அவன் இடுப்பிலிருந்து மடிந்தான். தாடை நெஞ்சில் விழுந்தது. மூச்சு அடைத்துச் சீறியது. நிமிர்த்தினோம். மறுபடியும் மடிந்தான். அண்ணி ஓட்டும் இருக்கையிலிருந்து கை நீட்டி அவன் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். அந்தக் கையை எடுக்காமல் கியர் போட முடியாது. எல்லோருக்கும் அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"போதும்," என்றான் அண்ணன்.

அவனைப் படுக்க வைத்தோம். கட்டிலைத் தெருப் பக்கம் ஜன்னலோரம் தள்ளச் சொன்னான். அண்ணியைப் போய் ஓட்டச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வாதாடும் முறை அப்போது அதுதான். அவள் போனாள்.

இன்ஜின் உறுமியது. கார் தெருவில் இறங்கியது. அண்ணனின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். ரெண்டு, என்றான். சத்தம் மாறியது. மூணு, என்றான். கார் பெரிய சாலைக்குத் திரும்பி, சுற்றிக்கொண்டு, பின்தெரு வழியாக வரும் வரை அவன் ஒவ்வொரு கியரையும் எனக்குச் சொன்னான். நான் அவன் தலையணையை ஒரு கையால் பிடித்தபடி நின்றேன்.

அண்ணி உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"அன்னிக்கே மெக்கானிக்கைத் துளை போட விட்டிருந்தா, நீங்க இப்ப என் பக்கத்துல உக்காந்திருப்பீங்க."

அண்ணன் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தான்.

"ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு... லேட்டா மாத்துற."

"சரிங்க."

"அரை டிக்கெட்."

"சொல்லுங்க."

"இன்னொரு தடவை போயிட்டு வா."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். இந்த முறை காரின் சத்தம் இரண்டாவது கியரில் அதிக நேரம் நிற்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். கியரை எண்ணாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.