டோலி இறங்கும் கல்

1979 ஐப்பசியில் ஒரு நாள், விடியற்கால மழை விட்டதும் மலைமேல் இருக்கும் மேல்கொல்லையிலிருந்து டோலி புறப்பட்டது. மூங்கிலில் கட்டிய போர்வைக்குள் பாஞ்சாலை கிடந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது. உதிரம் நிற்கவில்லை. முன்னால் அருணகிரி தோள் கொடுத்திருந்தான். பின்னால் அவள் புருஷன் கருப்பன்.

சொந்தக்காரன் தூக்கக் கூடாது என்பது டோலி தூக்கும் சங்கத்தின் கட்டுப்பாடு. அவனுக்குக் கால் நடுங்கும். ஆனால் அன்று ஊரில் ஆளில்லை. தோள் மாற்ற ரங்கனும் பாண்டுரங்கனும் மட்டும் கூட வந்தார்கள்.

சங்கத்தை ஆரம்பித்தவன் ரங்கன். அதற்கு முன்பெல்லாம் நோயாளியைத் தூக்க வீடு வீடாகக் கெஞ்ச வேண்டும். ஆள் சேர்வதற்குள் நோயாளி முடிந்துவிடுவான். வீட்டுக்கு ஒருவன், கூலி கிடையாது, நோயாளி வீட்டில் கஞ்சிகூடக் குடிக்கக் கூடாது என்று ரங்கன் பேசி முடித்தான். வேடியப்பன் தொண்டர் சங்கம் என்று பேரும் வைத்தான். கருப்பன் அதில் சேர்ந்த அன்று பாஞ்சாலை அவனைச் சும்மா விடவில்லை.

"சாமை மூட்டையத் தூக்கச் சொன்னா இடுப்பு புடிச்சிக்கும். ஊரான் பொண்டாட்டின்னா தூக்கிடுவியா?"

பாம்பு தீண்டியவர்கள், கரடி அடித்தவர்கள் என்று பலரைச் சங்கம் அடிவாரத்து ஜீப்பில் சேர்த்தது. சிலர் ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் பிழைத்து நடந்தே திரும்பினார்கள்.

பாதி வழியில் வேடியப்பன் கல் இருக்கிறது. அதுதான் எல்லை. பிணம் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினாலோ, தாண்டிய பிறகு செத்தாலோ, உடல் மறுபடி ஊருக்குள் வர முடியாது. அதனால் கல்லடியில் டோலியை இறக்குவார்கள். ரங்கன் நெஞ்சில் கை வைப்பான். விரலை நனைத்து மூக்கடியில் பிடிப்பான். மூச்சு இருந்தால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கீழே இறங்குவார்கள். இல்லாவிட்டால் திரும்புவார்கள்.

போன பங்குனியில் அருணகிரியின் அம்மா கன்னியம்மாளை அப்படித்தான் திருப்பினார்கள். வாசலில் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றியபோது கிழவி கண்ணைத் திறந்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். சங்கத்தில் யாரும் அதைப் பேசவில்லை. அடுத்த நோயாளிக்குத் தன் முறை வந்ததும் அருணகிரி வந்து தோள் கொடுத்தான். அன்றும் கல்லடியில் டோலி இறங்கியது.

இப்போது கருப்பன் அந்தக் கிழவி கண் திறந்ததையே நினைத்துக்கொண்டு நடந்தான். ஓடை வரைக்கும் ஒவ்வொரு குலுங்கலுக்கும் பாஞ்சாலை முனகினாள். ஓடையைக் கடந்த பிறகு சத்தமில்லை. அவள் கை போர்வையிலிருந்து நழுவித் தொங்கியது. நகம் வெளுத்திருந்தது. அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் பேசாவிட்டால் மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும். பாண்டுரங்கன் தோள் மாற்ற வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் அந்தக் கையைப் பார்த்துவிடக் கூடாது.

கல் தெரிந்தது. ரங்கன் முன்னால் போய், கையைத் துண்டில் துடைத்தபடி நின்றிருந்தான்.

இறக்குங்கடா என்றான்.

கருப்பனின் முழங்கால் தானாக மடங்கியது. இத்தனை வருஷப் பழக்கம். மூங்கில் தோளைவிட்டு முழங்கை வரை இறங்கிவிட்டது. முன்பக்கம் இறங்கவில்லை. அருணகிரி நடந்துகொண்டே இருந்தான். மூங்கில் கருப்பனை இழுத்தது.

கல் வந்துவிட்டது என்று ரங்கன் மறுபடி சொன்னான். அருணகிரி திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு யாரும் கை வெக்க வாணாம்ணா."

கருப்பன் மூங்கிலைத் தோளுக்கு ஏற்றினான். கல் இடப்பக்கமாகப் பின்னால் போனது. கும்பிடாமல் அவன் அதைத் தாண்டியதே இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டான். இரண்டு பேரின் காலடிதான் கேட்டது. பாண்டுரங்கனும் நின்றுவிட்டான். இனி தோள் மாற்ற ஆளில்லை. செங்குத்தான இறக்கம் எதிரே கிடந்தது. தொங்கிய கை ஆடி ஆடி அவன் முழங்காலில் பட்டது. சில்லிட்டிருப்பது அவள் கையா, தன் காலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மேலேயிருந்து ரங்கனின் குரல் வந்தது. அதில் கோபமில்லை. அவனும் பயந்திருந்தான்.

"கருப்பா, கீழ போறதுக்குள்ள அவளுக்கு எதுனா ஆயிடுச்சின்னா, எந்த வழியாடா ஊருக்கு இட்டாருவே?"