சைவம்: 0

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டவர் புஷ்பவள்ளி அக்கா. கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு எதிர்மேசைக்காரர்.

"நீதான் கதைலாம் எழுதுவியே வனேசா. அந்த கோல்ஃப் கிளப் விருந்த எழுது. சுகுமாரன் படிச்சு வெக்கப்படட்டும்."

சுகுமாரன் அண்ணன் கிளப்பின் விருந்து மண்டபத்துக்குப் பொறுப்பாளர். அக்காவைப் போலவே செமிலிங் ஊர்க்காரர். சரி என்றேன். எனக்கு மறுக்க வராது. தொழிற்சாலையின் விருந்து ஏற்பாடும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

2

முதல் தொடக்கம்: பச்சைப் புல்வெளியின்மேல் மாலை வெயில் சரிந்து—

(வேண்டாம். நான் புல்லைப் பார்க்கவே இல்லை. நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாவது: அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

இது சரி. கதை இங்கேதான் இருக்கிறது.

இருநூறு பேருக்கு விருந்து.* இருபத்தைந்து ஆண்டு வேலைக்காக அன்று அக்காவுக்கு மேடையில் விருது. மேசைக்கு வந்தவை கோழி, மீன், இறால் போட்ட சோறு. அக்கா ஒரு துண்டு தர்பூசணி எடுத்தார்.

"சைவம் சொல்லலையாம்மா?"

"சொன்னேன்க்கா. கிளப்புல மறந்துட்டாங்க போல."

பக்கத்தில் நின்ற எங்கள் மேனேஜருக்கு அது கேட்டுவிட்டது. சுகுமாரன் அண்ணனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்துப் பிரித்தார். என் கையெழுத்து. சைவம்: 0. என்னைப் பார்த்தார். தாளை மடித்து உள்ளே வைத்தார்.

"சாரி போஸ். எங்க தப்பு."

3

* எல்லாக் கையுறையையும் நாங்கள் சோதிப்பதில்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவோம். ஒழுகாவிட்டால் மொத்தமும் தேறிவிடும். சைவத்தையும் அப்படித்தான் கணக்கெடுத்தேன். இருபது பேரைக் கேட்டேன், ஒருவரும் சைவமில்லை. கேட்டது ஆவணியில். (எனக்கு அது வெறும் செப்டம்பர். எங்கள் மாதாகோயில் காலண்டரில் புரட்டாசி இல்லை.)

4

அண்ணனின் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வரைவில் அவருக்கு என் வயதில் மகள் இருந்தாள். அடித்துவிட்டேன். அந்த மகள் என் வசதிக்காக வந்தவள். இன்னொன்றில், விருந்துக்காரரிடம் வாதாடினால் வேலை போய்விடும் என்று அவர் பயந்

தெரியாது. அவரை மண்டபத்திலிருந்து எடுத்து, கோல்ஃப் பை அடுக்கும் அறைக்குப் போட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். அக்காதான் சொன்னார்.

"நல்லா வேணும்லா. நம்ம ஆளே நம்மள பட்டினி போடறதா? கோயில்ல பாத்தேன். மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாருக்கா?"

"என்னத்த சொல்வான்? தலைய ஆட்டிட்டுப் போறான்."

5

முடிவு அ: அண்ணனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் சிரிக்கிறார். (படிக்க இனிமையாக இருந்தது. கிழித்தேன்.)

முடிவு ஆ: மேனேஜர் அறைக் கதவைத் தட்டி, நான்

மணி பத்து ஆகப்போகிறது. தேநீர் இடைவேளை. எதிர்மேசையில் அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டுகிறார்.

"முடிச்சிட்டியா? குடு. நல்லா கிழிச்சிருக்கியான்னு பாப்போம்."

இப்படியே கொடுத்துவிடுகிறேன்.

அக்கா, இப்போது உங்களுக்குத் தெரியும். கீழே முடிவுக்குப் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. பேனா என் மேசையில்.