பொத்தான் டப்பாவில் இருந்த மாத்திரை

மூன்று பிள்ளை போதும் என்று நான் வாயைத் திறந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அதனால் கருத்தடை மாத்திரையைத் தையல் மெஷினுக்கு அடியில், பொத்தான் டப்பாவில் ஒளித்துவைத்து நாள் தவறாமல் விழுங்கினேன்.

பிறகு காசநோய் வந்தது. மருந்து எழுதும்போது டாக்டர், “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டார்.

“தலைவலி மாத்திரையைக்கூட தொடமாட்டா,” என்று மாமியார் முந்திக்கொண்டார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

நாலு மாதத்தில் வயிறு காட்டிக்கொடுத்தது. நர்ஸைத் தனியாகப் பிடித்து, கருத்தடை மாத்திரை சாப்பிட்டும் இது எப்படி என்று கேட்டேன்.

“காசநோய் மாத்திரை அதோட வேலையைக் கெடுத்துடும்மா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழி பண்ணியிருப்போமே.”

வெளியே பெஞ்சில் மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா, நாலாவது. எம் மருமக எங்கிட்ட எதையும் மறைக்கமாட்டா.”