பீரங்கிக்காரிக்கு ஒரு பட்டப்பெயர்

தெருமுனையில் வெள்ளைச் சட்டையில் ஏகாம்பரண்ணன் நிற்கிறார், நின்றபடியே இருக்கிறார், வெயில் அவர் வழுக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கின்றன, ஓய்வு பெற்று இத்தனை வருஷமான பிறகும் யாருக்காகவாவது காத்திருந்தால் அந்த உடம்பு தானாக விறைத்துக்கொள்ளும், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காய்ந்த துணியையே எடுத்து மறுபடி உதறிப் போடுகிறேன், இது இன்றைக்கா, போன தை மாதமா, விடியற்காலைக் கனவில் அடிக்கடி வருகிற அதே வெயிலா, எனக்கே பிரிக்கத் தெரியவில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டுமா என்ன, நல்ல காட்சி எத்தனை முறை வந்தாலும் பார்க்கத்தானே கண் இருக்கிறது.

காட்பாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர், வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும் போட்ட கறுப்பு டிரங்குப் பெட்டி இல்லாத வீடே கிடையாது, பெண்கள்தான் வம்பு பேசுவார்கள் என்று சொல்கிறவன் எங்கள் தெரு டீக்கடையில் ஒருநாள் நின்றிருக்க மாட்டான், எல்லைக் கதை சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நான் பால் வாங்கப் போவேன், அவர்களோ பழைய ஆபீசர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், அதுவும் பெயர் சொல்லி அல்ல, பட்டப்பெயர் சொல்லி, தயிர்சாதம் என்று ஒருவர், வெயில் ஏறினால் குழைந்துவிடுவாராம், அலாரம் என்று ஒருவர், தானும் தூங்காமல் யாரையும் தூங்க விடாதவராம், கல்யாணமாலை என்று ஒருவர், அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று மட்டும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், இன்றுவரை எனக்கு அது ஒரு குறைதான். பீரங்கியைச் சுற்றி நிற்கிற ஆட்கள் புதிதாக வந்த ஆபீசருக்குச் சீக்கிரமே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் அந்த ஆபீசர் காதுக்கு மட்டும் கடைசிவரை போகாது, அதுதான் வழக்கம், அந்த வழக்கத்தில் எங்கள் ஹவில்தார் ஏகாம்பரண்ணன் பெரிய கை, பெயர் வைப்பதற்கென்றே அவரைப் பக்கத்து டென்ட்டிலிருந்து கூப்பிட்டுப் போவார்களாம், அவர் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம், ஆள் மாற்றலாகி அடுத்த ஊருக்குப் போவதற்குள் பெயர் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், சுபாஷினி, சின்னதிலேயே என் வீட்டுக் கொடியில் தொங்குகிற துணியைப் பார்த்து, அத்தை, கிளிப்ப ஒரே வரிசையா போடுங்க என்று சொன்னவள், காலேஜ் முடித்துப் பரங்கிமலைக்கு ஆபீசர் பயிற்சிக்குப் போனாள், அண்ணன் டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார், சப்ளை, கணக்கு, சிக்னல் என்று ஏதாவது நாற்காலி வேலையில் ஆபீசராக உட்காருவாள் என்று நினைத்திருந்தார், பெண்களுக்குப் பீரங்கிப் படையைத் திறந்துவிட்ட காலம் அது, எது வேண்டும் என்று கேட்டபோது இவள் பீரங்கிதான் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள், அன்றிலிருந்து அவர் மகளோடு பேசுவதை நிறுத்தினார். உயிருக்குப் பயந்துதான் என்று தெரு முழுக்க நினைத்தது, நானும் அப்படித்தான் நாலு வீட்டில் சொல்லிவைத்தேன், பிறகு ஒரு மத்தியானம் தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் குணாவிடம், குணா என்றால் அவர் மனைவி குணசுந்தரி, கத்துவது கேட்டது, பீரங்கிக்காரர்களுக்குக் காது மந்தம், ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள், என்னைப் போன்றவர்களுக்கு அது கடவுள் கொடுத்த வசதி, குண்டு பட்டா அது விதிடி, அத நான் தாங்கிக்குவேன், ஆனா அவனுங்க வாய் எனக்குத் தெரியும், நானே அந்த வாய்தான், எம்பொண்ணுக்கு இன்னா பேரு வெப்பானுங்கன்னு நெனச்சா சோறு எறங்கலடி.

குணா அன்று அழுதாளா சிரித்தாளா என்று தெருவுக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை, ஆனால் பரங்கிமலையில் அணிவகுப்பு முடிந்து, பெற்றவர்கள் வந்து பிள்ளையின் தோளில் நட்சத்திரம் வைக்கிற நேரம் வந்தபோது, ஒரு தோளுக்கு அம்மா, ஒரு தோளுக்கு அப்பா என்று மற்றவர்கள் எல்லாம் ஜோடியாக ஓடினார்கள், அண்ணன் வரவில்லை, எங்கள் பக்கம் குணாவும் நானும், நான் எப்படிப் போனேன் என்றால், அவருடைய அனுமதிச் சீட்டு வீணாகப் போகக்கூடாதே என்றுதான், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அத்தை என்ற உரிமையில் அவருடைய தோளில், இல்லை, அவர் வைக்க வேண்டிய தோளில், நட்சத்திரத்தைக் குத்தினேன், அவசரத்தில் பிள்ளையையே குத்தியிருப்பேன், அவள் அசையவில்லை, வாயை மட்டும் லேசாகத் திறந்து, அத்தை, கோணலா இருக்கு, இன்னொரு தடவ வைங்க என்றாள், கண் மட்டும் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன்பின் இரண்டு வருஷம், அவள் எங்கோ பனிமலையில், இங்கே ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், போய் எங்கே நிற்பார் என்றால் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்பார், காது மந்தமானவர் காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதை எதிர்வீட்டிலிருந்து பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும், அப்பா இருக்காராம்மா என்று அவள் கேட்பாளாம், கடைக்குப் போயிருக்காரு என்பாளாம் குணா, இரண்டு வருஷமாக அந்த மனிதர் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் தணிகைவேல் வந்தான், அவளுடைய பீரங்கியில் வேலை செய்கிற பையன், அரக்கோணத்துக்காரன், லீவில் வருகிறவனிடம் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பை அக்ரூட் கொடுத்து அனுப்பியிருந்தாள், குணா கறிக்குழம்பு வைத்தாள், பரிமாற ஆள் வேண்டுமே என்று நானும் போனேன், யாரும் கூப்பிடவில்லை, அவன் மேடம் நல்லா இருக்காங்க, மேடம் நல்லா சாப்பிடறாங்க என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான், அண்ணன் பின்கட்டிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தம்பி, இன்னா பேரு வெச்சிருக்கீங்க என்று கேட்டார். யாருக்கு சார் என்றான். நானும் பீரங்கிக்காரன்தான்டா, சொல்லு. பையனுக்கு வாயில் போட்ட எலும்பு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை, எனக்கோ கரண்டியிலிருந்த குழம்பு தரையில் சொட்டுவது தெரிந்தும் கையை அசைக்க முடியவில்லை, கடைசியில் அவன் இலையைப் பார்த்தபடியே, மாமியார் சார் என்றான்.

குணாதான் முதலில் குதித்தாள், கல்யாணமாகாத பெண்ணுக்கு வைக்கிற பெயரா இது என்று, அண்ணன் கையைக் காட்டி அவளை அடக்கினார், ஏன்டா மாமியார் என்று கேட்டார், அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதேயில்லை. தணிகைவேல் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான், பீரங்கிக் குழாயைத் துடைத்தாகிவிட்டது என்று சொன்னால் மேடம் நம்ப மாட்டார்களாம், விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார்களாம், ஈர சாக்ஸோடு ஒருவனும் படுக்கக்கூடாதாம், எல்லோரும் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தையும் எட்டிப் பார்ப்பார்களாம், அப்புறம்தான் தன் தட்டை எடுப்பார்களாம், முதல் மாதத்தில் பையன்கள் எரிச்சலில்தான் அந்தப் பெயரை வைத்தார்களாம், வடக்கத்திப் பையன்கள்கூட அதை அவர்கள் பாஷையில் சாஸ் என்று மாற்றிக்கொண்டார்களாம். அப்புறம் ஒருநாள் வேறு யூனிட்டிலிருந்து வந்த ஆபீசர் ஒருவர், பெண்பிள்ளையிடம் வேலை செய்கிற பசங்க இப்படித்தான் மந்தமாக இருப்பீர்கள் என்று இவர்களைத் திட்டினாராம், மேடம் அங்கே இல்லையாம், இருந்தவர்களில் வாயே திறக்காத ஒருத்தன் விறைப்பாக நின்று சொன்னானாம், சார், எங்களத் திட்டறதுக்கு எங்க மாமியார் இருக்காங்க.

அண்ணன் நிலையைப் பிடித்த கையை எடுத்தார், அடிக்கப் போகிறார் என்று நான் கரண்டியோடு ஒதுங்கினேன், அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார், உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்ததாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார், நான் சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேருக்குப் பேரு வெச்சேன், ஒருத்தனுக்கும் மாமா மாமியார்னு வீட்டு ஆள் பேர வெச்சதில்லடா, வெக்கத் தோணினதே இல்ல என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பையன் இலையில் தானே கறியை அள்ளி வைத்தார். மறுநாளே டீக்கடையில் தெரு முழுவதற்கும் சேதி போயிற்று, கொண்டுபோனது யார் என்று கேட்க வேண்டாம், அண்ணன் பின்னாலேயே வந்து ஒரு உத்தரவு போட்டார், பெயர் ஆபீசர் காதுக்குப் போகக்கூடாது, லீவில் வருகிறாள், எவனும் வாயைத் திறக்கக்கூடாது, சொல்லிவிட்டு எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார், தங்கச்சி, உன்னத்தான் என்றார்.

ஆகவே இந்த வெயில், இந்த வெள்ளைச் சட்டை, இந்த நிற்பு, நான் துணியை உதறுகிறேன், ஆட்டோ திரும்புகிறது, திரும்பியது, முதுகில் பெரிய பச்சைப் பையோடு அவள் இறங்குகிறாள், கறுத்திருக்கிறாள், கன்னம் பனியில் வெடித்திருக்கிறது, இரண்டு வருஷமாகக் கடைக்குப் போன அப்பா எதிரே நிற்கிறார், டீக்கடையில் ஒரு தம்ளர்கூடச் சத்தம் போடவில்லை, என்ன பேசுவார்களோ என்று நான் மாடிக் கைப்பிடியில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டிருக்கிறேன், அவள் அவரை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்க்கிறாள், எவ்ளோ நேரமாப்பா வெயில்ல நிக்கிறீங்க, தலையில ஒரு துண்டுகூட இல்ல, மாத்திரை போட்டீங்களா, காலர் இன்னாப்பா இப்படி மடிஞ்சிருக்கு என்று சொல்லி, பையை இறக்கிவைத்துவிட்டு அவர் காலரைப் பிடித்து நிமிர்த்தி விடுகிறாள், அவ்வளவுதான், டீக்கடையில் முதலில் ஒரு தும்மல் போலக் கிளம்பிய சிரிப்பு தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது, வயதான சுபேதார் ஒருவர் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்குகிறார், குணா வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள், அண்ணன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நிற்கிறார், ஒன்றும் புரியாமல் அவள் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே அண்ணாந்து என்னைப் பிடித்தாள், பிடிக்கத் தெரிந்தவள், அத்தை, இன்னா சிரிப்பு, நீங்க சொல்லுங்க.

அந்த ஒரு சொல் என் நாக்கு நுனியில் இனிப்பாக உட்கார்ந்திருக்கிறது, அறுபது வருஷத்தில் ஒரு சேதியைக்கூட விழுங்கிப் பழக்கமில்லாத தொண்டை இது, அண்ணன் அண்ணாந்து பார்க்கிறார், ஒண்ணுமில்லம்மா, ஒன்னப் பாத்த சந்தோஷம் என்றேன், சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. அண்ணன் குனிந்து அவள் பையைத் தூக்கி ஒரு தோளில் மாட்டினார், வாம்மா என்றார், அத்தனை நாளுக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் சொல், நடந்தார், பின்னாலிருந்து அவள் குரல், அப்பா, ஒரு பக்கமா தூக்காதீங்க, முதுகு போயிடும், ரெண்டு பட்டையும் மாட்டுங்க, ஆபீசர்களுக்கெல்லாம் பெயர் வைத்த ஹவில்தார் ஏகாம்பரம் நடுத்தெருவில் நின்று, இரண்டு பட்டையையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு, நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார்.